அரத்தைக் கீழே வையுங்கள், மேகசினைப் பாருங்கள்

போன வாரம் என் மேசைக்கு வந்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைப் பிரித்ததும் வயிறு எரிந்தது. தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டியான மேகசினிலிருந்து தோட்டா ஏறி வரும், குழலின் பின்வாய்ச் சரிவை அதன் சொந்தக்காரர் கருவி வைத்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கியிருந்தார். "தோட்டா அடிக்கடி சிக்கியது, வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று தேய்த்தேன்" என்றார். இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர்.

அந்தச் சரிவை ஒட்டிய உலோகம்தான் தோட்டாக் கூட்டின் அடிப்பகுதியைத் தாங்குகிறது. அதைத் தேய்த்துவிட்டால் சுடும்போது எழும் அழுத்தத்துக்கு அங்கே தாங்கல் இல்லை. கூடு வீங்கும், வெடிக்கவும் கூடும். அவருடைய குழலைக் கழித்துவிட்டுப் புதியது போட்டோம். அப்போதும் சிக்கியது.

மூன்று மேகசின்களுக்கும் 1, 2, 3 என்று எண் எழுதி, ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தோம். சிக்கியதெல்லாம் 2-ஆம் எண்ணில். அதை 1-உடன் ஒட்டி வெளிச்சத்தில் பிடித்தேன். தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேல் விளிம்புகளில், அதாவது உதடுகளில், ஒன்று நகக்கனம் விரிந்திருந்தது. கான்கிரீட் தரையில் ஒருமுறை விழுந்ததாம். தோட்டா எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை அந்த இரண்டு உதடுகளும் அடியிலுள்ள ஸ்பிரிங்கும்தான் தீர்மானிக்கின்றன. உதடு விரிந்தால் தோட்டாவின் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா மேலே வருவதற்குள் ஸ்லைடு, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் போய் முன்னால் வரும் மேல்பகுதி, அதைத் தாண்டிப் போய்விடும். துப்பாக்கியில் குற்றம் தேடுவதற்கு முன்னால் மேகசின்களுக்கு எண் எழுதுங்கள். பேனா ஒன்று போதும்.

காலிக் கூடு வெளியேறும் வாயில் நட்டுக்கொண்டு நிற்கிறதா? முதலில் உங்கள் மணிக்கட்டைப் பாருங்கள். பிடி தளர்ந்திருந்தால் துப்பாக்கி முழுவதுமே பின்னால் போகும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. நல்ல பயிற்சியாளர் ஒருவரைச் சுடச் சொல்லுங்கள். அவர் கையில் ஓடினால் துப்பாக்கி மேல் பழி இல்லை. சுடும்போது தோட்டா இருக்கும் குழலின் பின்னறையான சேம்பரிலேயே கூடு தங்கிவிட்டால், கூட்டை இழுக்கும் கொக்கிக்கு அடியில் கரி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை ஊற்றாதீர்கள், ஸ்லைடு ஓடும் வழித்தடங்களில் ஒரு துளி போதும். மிஞ்சியது கரியைக் குழைத்துப் பசையாக்கிவிடும்.

எதைப் பார்ப்பதானாலும் குழல்முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடைப் பின்னிழுத்துப் பூட்டிச் சேம்பரைப் பாருங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் அதே நிலையில் 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வழக்கமான வெடிச்சத்தம் இல்லாமல் 'பொத்' என்று கேட்டு, ஸ்லைடும் ஓடாமல் நின்றால், பழக்கதோஷத்தில் ஸ்லைடை இழுத்து அடுத்த தோட்டாவைச் சுட்டுவிடாதீர்கள். மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்தது அதன்மேல் மோதினால் குழல் கிழியும். மேகசினையும் சேம்பரையும் காலி செய்து, துப்பாக்கியை அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அப்படித்தான் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் குழலுக்குள் விட்ட பித்தளைக் கம்பி பாதியிலேயே நின்றது.