குரங்கை நினைக்காமல் மருந்து குடிப்பது

மருந்தைக் கையில் கொடுத்து, "குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைத்துவிடாதே" என்று சொல்லி அனுப்பிய வைத்தியரின் கதையைச் சிறுவயதில் கேட்டிருப்போம். அதுவரை குரங்கைப் பற்றி நினைப்பே இல்லாதவனுக்கு, அன்று முதல் மருந்துக் கிண்ணத்தை எடுத்தாலே குரங்குதான். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய இதையே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட விலங்கு வெள்ளைக் கரடி. மனதில் ஓடுவதையெல்லாம் ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, மீறி நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி ஓயவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் நடந்ததுதான் இன்னும் முக்கியம். "இப்போது கரடியை நினைக்கலாம்" என்றதும், முதலில் அடக்கி வைத்தவர்களின் மனதில் அது வெள்ளமாக வந்தது. தொடக்கத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களுக்குக்கூட அவ்வளவு வரவில்லை.

வெக்னர் இதற்குச் சொன்ன விளக்கம் எளிமையானது. ஒரு நினைப்பை ஒதுக்க, மனம் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் பார்க்கிறது. வேறு எதையாவது தேடிப்பிடித்து மனதை அதில் நிறுத்துவது ஒன்று. அதற்கு முயற்சி தேவை. ஒதுக்கிய நினைப்பு திரும்பி வந்துவிட்டதா என்று கண்காணிப்பது இன்னொன்று. இதற்கு முயற்சி வேண்டாம், தானாகவே ஓடும். ஆனால் கரடி வந்துவிட்டதா என்று பார்க்கிற காவல்காரனுக்குக் கரடியின் முகம் ஞாபகம் இருந்தாக வேண்டும். உடல் களைத்து, தூக்கம் கெட்டு, கவலை கூடும்போது முதல் வேலை நின்றுபோகும். காவல்காரன் மட்டும் விழித்திருப்பான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தது. பார்க்க வந்த எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "நெகட்டிவா எதுவும் நினைக்காத. பாசிட்டிவா இரு, ஒண்ணும் ஆகாது." அன்பினால் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொல்வதைத்தான். ஒரு நாள் எல்லோரும் போன பிறகு சித்தி சொன்னார்: "அழுதா அவங்க பயந்துடுறாங்கடா. அதான் அவங்களுக்காகச் சிரிச்சிக்கிட்டு இருக்கேன்."

அந்தச் சிரிப்பு உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் இருவர் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1997-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 180 பெண்கள் சோகமான, வேடிக்கையான, எந்த உணர்ச்சியும் இல்லாத படத் துண்டுகளைப் பார்த்தார்கள். சிலரிடம், "உங்கள் முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு உங்கள் உணர்வு தெரியவே கூடாது" என்று சொல்லப்பட்டது. அவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள், ஆனால் சோகம் துளியும் குறையவில்லை. இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலம் கூடுதலாக வேலை செய்யத் தொடங்கியது. உணர்ச்சியில்லாத படத்தைப் பார்த்தபோது இப்படி நடக்கவில்லை. ஆக, முகத்தை அசையாமல் வைத்துக்கொள்கிற சிரமம் இதற்குக் காரணமல்ல. உள்ளே எழுகிற ஒன்றை வெளியே வரவிடாமல் பிடித்து வைப்பதற்கு உடல் கொடுக்கிற விலை அது.

அந்த விலையில் எதிரில் இருப்பவருக்கும் பங்கு உண்டு. எமிலி பட்லரும் கிராஸும் மற்றவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறிமுகமில்லாத பெண்கள் இருவர் இருவராக மனதைக் கலக்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தி தன் உணர்வை மறைத்துக்கொண்டு பேசினால், அந்த ஏற்பாடே தெரியாத இன்னொருத்தியின் ரத்த அழுத்தமும் ஏறியது. மருத்துவமனை வார்டில் கட்டிலைச் சுற்றி எல்லோரும் முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டிருக்கும்போது அறையே ஏன் இறுகிப்போகிறது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அப்படியானால் நம்பிக்கையே பொய்யா? இல்லவே இல்லை. நம்பிக்கையோடு இருப்பவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் கதை வேறாக இருக்கிறது.

மைக்கேல் ஷையர், சார்லஸ் கார்வர் ஆகிய இருவரும் 1985-இல் நம்பிக்கையை அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். நீங்கள் எவ்வளவு சிரிக்கிறீர்கள், எவ்வளவு உற்சாகமாக இருக்கிறீர்கள் என்று அது கேட்பதில்லை. எதிர்காலத்தில் உங்களுக்கு நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்கிறது. அவ்வளவுதான். நம்பிக்கை என்பது ஓர் எதிர்பார்ப்பு. அழுதுகொண்டே அப்படி எதிர்பார்க்கலாம், பயந்துகொண்டும் எதிர்பார்க்கலாம்.

1993-இல் கார்வரின் குழு, ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய் கொண்ட 59 பெண்களை நோய் கண்டறிந்த நாளிலிருந்து ஓராண்டு வரை பின்தொடர்ந்தது. நம்பிக்கை அதிகம் உள்ளவர்களுக்கு மன உளைச்சல் குறைவாக இருந்தது என்பதில் வியப்பில்லை. அவர்கள் அதை எப்படிச் சாதித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'ஆமாம், எனக்கு இது வந்திருக்கிறது' என்று ஏற்றுக்கொண்டார்கள். நோயை வைத்தே நகைச்சுவையும் பேசினார்கள். மாறாக, 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று மறுத்தவர்களுக்கு நாளாக ஆக உளைச்சல் கூடியது. நாம் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியைத்தான். அதற்குப் பாசிட்டிவ் என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

அதற்கு முன்பே, 1989-இல், இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 51 ஆண்களிடம் இந்தக் குழு இன்னொன்றைக் கண்டிருந்தது. நம்பிக்கை கூடியவர்கள் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள், வழக்கமான வாழ்க்கைக்கும் சீக்கிரம் திரும்பினார்கள். அறுவைக்கு முன்பே அதற்குப் பிறகு என்னென்ன செய்வது என்று திட்டம் போட்டவர்கள் அவர்கள். வரும் மாதங்களில் மருத்துவர் தங்களிடம் எதையெல்லாம் எதிர்பார்ப்பார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவர்களும் அவர்களே. தங்கள் உடலில் தெரிகிற அறிகுறிகளைப் பற்றிய நினைப்பை அடக்கப் பார்த்தவர்கள் அவர்களில் குறைவு. கரடியைத் துரத்தாமல் அது எங்கே நிற்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

இனிய கற்பனை இந்த எதிர்பார்ப்பிலிருந்து வேறானது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'நல்லதையே நினை' என்பதை நம்மில் பலர் கற்பனை செய்வதாகவே புரிந்துகொள்கிறோம். கேப்ரியேல் எட்டிங்கன் 1991-இல், உடல் எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களிடம் இரண்டையும் தனித்தனியாக அளந்தார். 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்களுக்கு, சந்தேகப்பட்டவர்களைவிட ஓராண்டில் சுமார் 12 கிலோ கூடுதலாகக் குறைந்தது. மெலிந்துவிட்ட தன்னை மனதுக்குள் அழகாகப் பார்த்து ரசித்தவர்களுக்கோ, வழியில் வரும் தடுமாற்றங்களையும் கற்பனை செய்தவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே இறங்கியது. பின்னாளில் அவர் செய்த சோதனைகளில், இனிய கற்பனைக்குப் பிறகு சிஸ்டாலிக் ரத்த அழுத்தமே, அதாவது இதயம் சுருங்கும்போது இருக்கிற அழுத்தமே, இறங்குவது தெரிந்தது. காரியம் முடிந்துவிட்டதைப் போல உடல் தளர்ந்துவிடுகிறது.

நோய்க்கு முன்னால் பயம் இயல்பு. அதைக் குறைக்க அறிவியல் காட்டுகிற வழிகளில் ஒன்று, அதற்குப் பெயர் சொல்வது. 2007-இல் மேத்யூ லீபர்மனின் குழு, கோபமும் பயமும் தெரிகிற முகப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. 'இது கோபம்', 'இது பயம்' என்று சொல்லால் குறித்தபோது, ஆபத்து மணி அடிக்கிற அமிக்டலாவின் செயல்பாடு தணிந்தது. முன்மூளையில் வலப்பக்கமாக உள்ள ஒரு பகுதி விழித்துக்கொண்டது. "எனக்குப் பயமா இருக்கு" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வதை நாம் பாதியில் வெட்டி, "அப்படியெல்லாம் பேசாத, வாயில நல்ல வார்த்தை வரட்டும்" என்கிறோமே, அந்த இடத்தில் நாம் பறித்துக்கொள்வது இந்த நிவாரணத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'மனசு தைரியமாக இருந்தால் புற்றுநோயே ஓடிப்போகும்' என்று சொல்கிறோம். தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரின் மனநிலையையும் ஆயுளையும் ஜேம்ஸ் காயினின் குழு ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்டது. அவர்களில் 646 பேர் இறந்திருந்தார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக எந்தத் தடயமும் இல்லை. நோய் திரும்பி வந்த ஒருவர், 'நான் போதுமான அளவு பாசிட்டிவாக இல்லையோ' என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது எவ்வளவு பெரிய கொடுமை! வலியோடு பழியையும் சுமக்க வைப்பது நாம்தான்.

முதல் கீமோவுக்கு முந்தைய நாள் சித்தி மருத்துவரிடம் கேட்ட கேள்வி எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "முடி எந்த வாரம் கொட்ட ஆரம்பிக்கும், டாக்டர்?" பக்கத்தில் நின்ற மாமா, "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று தடுத்தார். மருத்துவர் தடுக்கவில்லை. "ரெண்டு, மூணு வாரத்துல ஆரம்பிக்கும்மா" என்றார். சித்தி திரும்பி வரும் வழியில் மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு ஸ்கார்ஃப் வாங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை தலைமுடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டு வந்து, கண்ணாடி முன் நின்று கொஞ்ச நேரம் அழுதார். பிறகு தைப்பொங்கலுக்குள் எத்தனை கீமோ முடிந்திருக்கும் என்று காலண்டரில் எண்ணிப் பார்த்து, ஊருக்குப் போக டிக்கெட் போடச் சொன்னார்.