கழல மறுக்கும் ஸ்பார்க் பிளக்: பலம் காட்டினால் போவது ஹெட்டின் மரை

பிளக் அசையவில்லை என்றதும் ஸ்பேனர் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி இழுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிளக்கின் உடல் எஃகு. அது அமர்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான். பிளக் எப்படியும் தூக்கிப்போடும் பொருள். மரை உரிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

பிளக் இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், போன தடவை அளவுக்கு மீறி முறுக்கியதுதான். பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடிப்பதும் உண்டு. இன்னொன்று, பலர் கவனிக்காதது: மரைப் பகுதி நீளமான தவறான பிளக்கைப் போட்டிருந்தால், அதன் நுனி மரை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு கரி பிடிக்கும். கழற்றும்போது அந்தக் கரியோடுதான் அது ஹெட்டின் மரைக்குள் ஏறி வர வேண்டும்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே கைவையுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆகவே பிளக் எளிதாக வரும் என்பார்கள். விரிவது உண்மை. ஆனால் சூடான அலுமினியம் இளகியும் இருக்கும். மரை இழுபட்டுப் பிய்வது அப்போதுதான். எண்ணெயில் ஊறவைத்தும் வராத பிளக்குக்கு மட்டும், தொட்டால் கை பொறுக்கிற வெதுவெதுப்பு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பிளக்கின் மேல் அமர்ந்திருக்கும் இக்னிஷன் காயிலை எடுத்ததும் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி அணியாமல் அடித்தால் மணல் கண்ணுக்குள் போகும். அடிக்காமல் விட்டால் சிலிண்டருக்குள் போகும். பாக்ஸ் ஸ்பேனர் நேராக, அடிவரை இறங்க வேண்டும். பெரும்பாலான பிளக்குகளுக்கு 16 அல்லது 21 மி.மீ., சில புதிய வகைகளுக்கு 14 மி.மீ. சாய்ந்து நின்றால் பீங்கான் உடையும்.

பிடியைச் சீராக அழுத்திப் பாருங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். எட்டில் ஒரு சுற்று அசைந்தால் அங்கேயே நிறுத்தி, ஊடுருவும் எண்ணெயைக் கொஞ்சம் விடுங்கள். முதலிலேயே விட்டால் என்ன? கேஸ்கெட் வளையம் இறுக்கமாக அடைத்திருக்கும்வரை எண்ணெய் மரைக்குள் எளிதில் இறங்காது. வளையம் சற்றே விலகிய பிறகுதான் நன்றாக இறங்கும். துளியும் அசையாத பிளக்குக்கு, அமரும் விளிம்பில் எண்ணெய் விட்டு இரவு முழுதும் காத்திருப்பதைத் தவிர நல்ல வழியில்லை.

உண்மையான ஆபத்து அடுத்த கட்டத்தில்தான். பிளக் ஒரு சுற்று சுலபமாக வந்துவிட்டு மறுபடி இறுகும், நறநறவென்று கரகரக்கும். மரைக்குள் கரி சிக்கியிருக்கிறது என்று பொருள். "வந்துவிட்டதே" என்று தொடர்ந்து திருப்புகிறவர்கள்தான் மரையை இழக்கிறார்கள். இறுகியதும் கால் சுற்று திரும்ப உள்ளே முறுக்குங்கள், எண்ணெய் விடுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள், பிறகு கழற்றுங்கள். போன தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். இப்படி முன்னும் பின்னுமாக ஒரு பிளக்குக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அது நஷ்டமில்லை.

வெளியே வந்த பிளக்கின் மரையில் பளபளப்பான அலுமினியச் சுருள் ஒட்டியிருந்தால், ஹெட்டின் மரை அடிபட்டுவிட்டது. அதில் புதுப் பிளக்கை முறுக்கி ஒப்பேற்ற வேண்டாம். ஓட்டத்தில் பிடுங்கிக்கொண்டு வெளியேறும். ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் போன்ற செருகு மரைதான் தீர்வு. அதற்காக மரை வெட்டும்போது, வெட்டும் கருவியான டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் நிரப்பி, அடிக்கடி எடுத்துத் துடைத்தால் துகள்கள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பீங்கானோ உடலோ உடைந்து உள்ளே நின்றுவிட்டால் எஞ்சினை ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது. அதற்கான எக்ஸ்ட்ராக்டரும் உள்ளே பார்க்கும் கேமராவும் இருப்பவரிடம் விடுங்கள்.

விட்ட எண்ணெயில் ஒரு பங்கு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். எரிபொருளையும் காயில் இணைப்புகளையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளும் வெளியே இருக்கும்போது, குழிகளின் மேல் துணி போட்டுச் சில விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் வெளியேறிவிடும்.

புதுப் பிளக்கைக் கையால் மட்டுமே தொடங்குங்கள். ஒரு துண்டு ரப்பர் குழாயில் செருகித் திருப்பினால் மரை மாறி ஏறும்போது குழாய் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும். இறுக்கும் முறுக்கு விசை, அலுமினிய ஹெட்டில், கேஸ்கெட் உள்ள 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20, 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12. வாகனக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முலாம் பூசிய பிளக்கின் மரையில் இறுகிப் பிடிக்காமலிருக்கப் பூசும் ஆன்டி சீஸ் பசை தடவாதீர்கள். பசையின் வழுக்கலில், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் பிளக் அதைவிட அதிகமாக இறுகியிருக்கும்.