டர்போ மேல் விழும் மழைத்துளி

கனமழை. சிக்னலில் நிற்கும் காரின் பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்புகிறது. பக்கத்து பைக்காரர் கண்ணாடியைத் தட்டி, "சார், வண்டி புகையுது" என்கிறார். ஓட்டுபவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பானெட்டில் துவாரம் வைத்த டர்போ காரை வாங்கிய புதிதில் பலருக்கும் வரும் பயம் இது. மேலே ஓட்டை, கீழே கொதிக்கும் இரும்பு, வானத்திலிருந்து தண்ணீர். ஏதாவது விரிசல் விட்டுவிடாதா?

பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. டர்போ என்பது அவ்வளவுதான். பெட்ரோல் எஞ்சினை முழு மூச்சில் விரட்டினால் அந்தப் புகை 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும். சோதனைக்கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் புகைச் சக்கரத்தின் இரும்புக் கூடு செக்கச் சிவந்து தெரியும். ஊருக்குள் ஓட்டும்போது சூடு இதைவிட எவ்வளவோ குறைவு. என்றாலும் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கூட்டில் ஒரு துளி விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கான பதில் நம் சமையலறையிலேயே இருக்கிறது. கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறோம். அளவான சூட்டில் 'சுர்ர்' என்று நொடியில் வற்றிவிடும். அடுப்பை மறந்துவிட்டுக் கல்லை அதிகமாகக் காயவிட்டால் அதே தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு கல்லின் மேல் ஓடும், சீக்கிரம் வற்றாது. சூடு கூடினால் வேகமாகத்தானே வற்ற வேண்டும்? துளியின் அடிப்பக்கம் கல்லைத் தொட்ட கணமே ஆவியாகி, துளிக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய மெத்தையாக நின்றுவிடுகிறது. ஆவி வழியாகச் சூடு மெதுவாகத்தான் கடக்கும். லைடன்ஃப்ரோஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியில் துளிகளை விட்டுப் பார்த்து 1756இல் இதை எழுதிவைத்தார். அவர் பெயரையே இந்த விளைவுக்கும் வைத்துவிட்டார்கள். வழவழப்பான உலோகத்தில் ஏறக்குறைய 190 டிகிரியைத் தாண்டினால் இது தொடங்கும். சொரசொரப்பான வார்ப்பிரும்பில் இன்னும் மேலே.

ஆக, டர்போ மிகச் சூடாக இருக்கும்போது விழும் தனித்துளி அதை நெருங்கித் தொடுவதே இல்லை. உருண்டு ஓடிவிடுகிறது. 'சுர்ர்' என்ற உக்கிரமான கொதிப்பெல்லாம் ஓரளவு ஆறிய இரும்பில்தான்.

சரி, துளி ஒன்றல்ல, மழை. எவ்வளவு தண்ணீர்தான் உள்ளே போகும்? கணக்குப் போட்டுவிடலாம். பானெட்டில் இரண்டு துவாரங்கள், இரண்டும் சேர்ந்து 800 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது தாராளமான அளவு. மணிக்கு 50 மில்லிமீட்டர் என்று கொட்டும் மழையில் அதன்மேல் விழுவது மணிக்கு 4 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஒரு டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு. அத்தனையையும் ஆவியாக்க வேண்டுமானால் சுமார் 3 கிலோவாட் வெப்பம் வேண்டும். வாளித் தண்ணீரைச் சுட வைக்கும் 1500 வாட் ராடு இரண்டு போட்ட மாதிரி. மணிக்கு 8 லிட்டர் பெட்ரோல் குடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் காரில் எரியும் சக்தி 70 கிலோவாட்டுக்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. 24 கிலோவாட்டுக்கு முன்னால் 3 கிலோவாட். அதுவும் உள்ளே விழும் தண்ணீர் எல்லாம் டர்போவின் தலையில்தான் விழும் என்ற அநியாயமான அனுமானத்தில்.

உண்மையில் ஓடும் காரில் இதிலும் கொஞ்சம்தான் உள்ளே போகும். 2 மில்லிமீட்டர் துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 22 மீட்டர். காரிலிருந்து பார்த்தால் மழை மேலேயிருந்து விழுவதில்லை, எதிரிலிருந்து கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டே வருகிறது. துவாரத்தின் தகடுகள் பின்பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தால் துளிகள் அதைத் தாண்டிப் போய்விடும். காற்றும் துணைக்கு வருகிறது. ரேடியேட்டர் வழியாகப் புகும் காற்று பானெட்டுக்கு அடியில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. பானெட்டின் முன்பகுதிக்கு மேலே அழுத்தம் குறைவு. அதனால் சூடான காற்று துவாரம் வழியாக வெளியே பாய்ந்து, வரும் துளியைத் தள்ளிவிடுகிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் கதை தலைகீழ். அங்கே அழுத்தம் அதிகம் என்பதால்தான் கார் அறைக்கான காற்றை அங்கிருந்து எடுக்கிறார்கள். ஆன்லைனில் துவாரம் வாங்கி, அழகுக்காகக் கண்ணாடி ஓரமாக பானெட்டை அறுத்துப் பொருத்துபவர்கள் காசு கொடுத்து மழையை உள்ளே அழைக்கிறார்கள் என்றுதான் சொல்வேன்.

கார் நின்றதும் இந்தப் பாதுகாப்பு எல்லாம் போய்விடுகிறது. காற்று இல்லை, மழை நேராக விழுகிறது, துவாரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, உள்ளே இரும்பு இன்னும் ஆறவில்லை. சிக்னலில் ஆவி தெரிவதும் நெடுஞ்சாலையில் தெரியாததும் இதனால்தான்.

முன்பக்கம் வாய் திறந்த துவாரம் வேறு ரகம். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரின் பானெட்டில் இருக்கும் பெரிய மூக்கு அப்படிப்பட்டது. நம் சாலைகளில் 2009 முதல் ஓடிய பழைய டீசல் ஃபார்ச்சூனரிலும் பார்க்கலாம். ஓடும்போது மழையை வாய்கொள்ள விழுங்கும். ஆனால் அதற்கு நேர் கீழே இருப்பது டர்போ இல்லை, இன்டர்கூலர். டர்போ அழுத்தியதால் சூடான காற்றை ஆற்றும் அலுமினியப் பெட்டி அது. எஞ்சினுக்குப் போகும் காற்று அதற்குள் மூடிய குழாய்களில் ஓடுகிறது, மழை வெளியே இருக்கும் மெல்லிய தகடுகளில் மட்டும் படுகிறது. பட்டால் லாபம்தான். சுபாருவின் எஸ்டிஐ மாடல்கள் சிலவற்றில் இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்கவே ஒரு சின்னத் தொட்டியும் பொத்தானும் கொடுத்திருந்தார்கள். நாம் எதற்குப் பயப்படுகிறோமோ அதை அவர்கள் பொத்தான் வைத்துச் செய்தார்கள்! 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற ஆரம்பகால டர்போ கார் இன்னும் ஒரு படி மேலே. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றிலேயே பீய்ச்சியது.

சூடான இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்ற பேச்சு முழுப் பொய் இல்லை. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று ஆறிச் சுருங்கினால், சுருங்காத பக்கம் அதை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுபறியில்தான் விரிசல் பிறக்கிறது. கேள்வி அளவைப் பற்றியது. 10 மில்லி தண்ணீர் முழுதாக ஆவியானால், 5 கிலோ இரும்புக் கூட்டின் சூடு சுமார் 11 டிகிரி குறையும். தினமும் காலையில் 30 டிகிரியிலிருந்து பல நூறு டிகிரிக்கு ஏறி இரவில் இறங்கும் பொருளுக்கு இது கொசுக்கடி. இதற்கென்றே சிலிக்கான், மாலிப்டினம் சேர்த்த வார்ப்பிரும்பு, நிக்கல் மிகுந்த இரும்பு, வெப்பம் தாங்கும் எஃகு என்று பார்த்துப் பார்த்து வார்க்கிறார்கள். அதன்மேல் வெப்பத் தடுப்புத் தகடு வேறு. பெரும்பாலான துளிகள் அந்தத் தகட்டிலேயே செத்துவிடும். மலை ஏறி வந்த சூட்டோடு முழங்கால் வெள்ளத்தில் இறக்குவதுதான் வேறு கதை. அங்கே துளி இல்லை, முழுக்கு. அப்போது விரிசல் சாத்தியம்.

துவார மழையில் உண்மையான தொல்லை சூடான இடத்தில் இல்லை, சூடாகாத இடத்தில். டர்போவில் விழுந்த தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் இறங்கிய தண்ணீர் போவதில்லை. இக்னிஷன் காயிலின் ரப்பர் உறை பழசாகி வெடித்திருந்தால், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் தண்ணீர் வழியாகக் குறுக்கே பாய்ந்துவிடும். மறுநாள் காலை எஞ்சின் குலுங்கும். மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார். வயர் இணைப்புகளில் பச்சை பூப்பதும் பெல்ட் கீச்சிடுவதும் இந்த வகைதான். மழையைவிட இதில் மோசம் வாட்டர் சர்வீஸ். துவாரம் வழியாகவே பிரஷர் கன்னை விட்டு அடித்தால், மழையைத் தடுக்கும் சீல் அதைத் தடுக்காது.

இதற்காகத்தான் பல கார்களில் துவாரத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, சேரும் தண்ணீரை ஓரமாக இறக்கிவிடுகிறார்கள். சூடு இன்னும் நன்றாக வெளியேறட்டும் என்று அதைக் கழற்றிப் போடுபவர்கள் உண்டு. ரேஸ் டிராக்கில் சரி. மழையில் வெளியே நிற்கும் காருக்கு வேண்டாம். தட்டு இருந்தாலும் வேப்ப மரத்தடியில் நிறுத்தும் காரில் இலையும் பூவும் சேர்ந்து வடிகால் அடைத்துக்கொள்ளும். அப்போது தட்டு நிரம்பி, எங்கே போகக்கூடாதோ அங்கே வழியும்.

அப்புறம் அந்த சிக்னல் ஆவி. மழைநீர் ஆவிக்கு வாசனை கிடையாது, ஒரு முழம் எழும்புவதற்குள் கரைந்துவிடும். இனிப்பான வாடை வந்தால் அது எஞ்சினை ஆற்றும் திரவமான கூலன்ட், வெப்பமானியைப் பாருங்கள். நீல நிறமும் கருகிய நெடியும் என்றால் எண்ணெய், வண்டியை ஓரம் கட்டுங்கள். இரண்டும் இல்லையென்றால் பைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, பச்சை விழுந்ததும் கிளம்பலாம்.