கருவாட்டின் மேல் பழி போடாதீர்கள்

தை பிறந்து ஒரே வாரத்தில் என்னிடம் தோல் அரிப்போடு வந்தவர்கள் நான்கு பேர். நான்காவதாக வந்தவர் புதுச்சேரி லாஸ்பேட்டைக்காரர், வயது 58. முகம் கறுத்துத் தடித்து, நெற்றித் தோல் மடிப்பு மடிப்பாக வீங்கியிருந்தது. கழுத்து மடிப்பில் சொறிந்து சொறிந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"வீட்ல வஞ்சிரம் வாங்கிப் பதினோரு மாசம் ஆச்சு டாக்டர். கருவாடு, நண்டு, கத்திரிக்கா எதுவும் கிடையாது. அப்பவும் அடங்க மாட்டேங்குது."

பதினோரு மாதம்! கடலோர ஊரில் இருந்துகொண்டு. அரிப்பைவிட அதுதான் பெரிய தண்டனை.

நான் கேட்டது ஒரே கேள்வி. வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை இருக்கிறதா? இரண்டு பக்கமும் இருக்கிறதாம். அதில் கேரட் இலை மாதிரி நறுக்கிவிட்ட இலையும், உச்சியில் ஜவ்வரிசியைச் சிதறினாற்போல வெள்ளைப் பூவுமாக ஏதாவது? "இடுப்பு உசரத்துக்கு நிக்குது டாக்டர். ஆனா அதை நான் தொட்டதே இல்லையே!"

தொடவே தேவையில்லை. அதுதான் பார்த்தீனியம். பூந்தூளும், காய்ந்த இலையின் மேலுள்ள நுண்ணிய ரோமமும் காற்றில் வந்து தோலில் உட்கார்ந்தாலே போதும். அதிலுள்ள பார்த்தீனின் என்ற பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மிச்சத்தைச் செய்துவிடும். இருபது வருடம் ஒன்றும் செய்யாத செடி இப்போது மட்டும் ஏன் என்று கேட்பார்கள். ஒவ்வாமை அப்படித்தான், பழகப் பழகத்தான் வரும்.

மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் செடி இது. 1950களின் நடுவில் புணேயில் கண்ணில் பட்டது, அமெரிக்கக் கோதுமையோடு வந்து இறங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. எப்படி வந்ததோ, இப்போது ரெட்டியார்பாளையம், மூலக்குளம் பக்கம் போனால் விலை ஏறட்டும் என்று போட்டு வைத்திருக்கும் மனைகளில் இதுதான் குடியிருக்கிறது. கடலூரில் செம்மண்டலம் பக்கமும் இதே கதைதான். முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகூடப் போடும். மாடு வாய் வைக்காது. பள்ளத்தை மேடாக்க லாரியில் மண் அடிக்கிறோமே, அந்த மண்ணோடும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்ததெல்லாம் மார்கழி, தையில் பூத்து நிற்கும்போது என் வாசலில் வரிசை கூடிவிடுகிறது.

சரி, மீன் விஷயத்துக்கு வருகிறேன். இதை எத்தனை முறை சொல்லிவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. கரப்பான் பண்டம் என்று நம் வீடுகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. தோலில் என்ன வந்தாலும் முதலில் அதைத்தான் தூக்குவார்கள். மீன் ஒவ்வாமை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு. ஆனால் அது வந்தால், சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் ஓரிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். உதடு வீங்கும், உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடிக்கும், சிலருக்கு மூச்சுத் திணறும். பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தடிப்பும் அடங்கிவிடும். மாதக்கணக்காக முகத்திலும் கழுத்திலும் மட்டும் உட்கார்ந்து தோலைத் தடிமனாக்குவது மீனின் வேலை இல்லை. வயிற்றுக்குள் போன வஞ்சிரத்துக்குச் சட்டை மூடிய இடம் எது, மூடாத இடம் எதுவென்று எப்படித் தெரியும்?

"ஆனா மீனை நிறுத்தினதும் கொறைஞ்சுதே டாக்டர்" என்றார் அந்த அம்மா. எப்போது குறைந்தது என்று கிளறினேன். சென்னையில் மகள் வீட்டில் இருபது நாள் இருந்தபோது. மகள் வீடு எத்தனையாவது மாடி? எட்டாவது. மனை இங்கே, மனிதர் அங்கே, குறையாமல் என்ன செய்யும்? பேர் மட்டும் மீனுக்குப் போய்விட்டது.

வெயில் அலர்ஜி என்று சொல்லி அனுப்பப்பட்டு வருபவர்களும் நிறைய. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஏமாறுவது எளிது. நான் பார்ப்பது மேல் இமை, காதின் பின்புறம், தாடைக்கு அடியில். வெயில் இந்த நிழல் இடங்களைப் பெரும்பாலும் விட்டுவிடும், காற்றில் வரும் தூள் விடாது. இவருக்கு மூன்று இடத்திலும் இருந்தது.

புண் ஆறிய பிறகு ஒட்டுச் சோதனை செய்தோம். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் வைத்து முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டுவது. இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. (புதுச்சேரிப் புழுக்கத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. சித்திரையில் யாருக்கும் இதைச் செய்ய எனக்கு மனசு வராது.) இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடியும் பார்த்தோம். மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, பார்த்தீனியம் வைத்த ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து மேடாகி, கடுகு போலக் கொப்புளங்களோடு நின்றது. மனைவி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கேட்டார்: "இதுல மீன் எது டாக்டர்?"

மீன் வைக்கவில்லை அம்மா.

இந்த ஒவ்வாமையை அடியோடு எடுக்க மருந்து கிடையாது, கட்டுக்குள் வைக்கலாம். அதற்கான மாத்திரைகளில் சில, ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டியவை. மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கும் மூன்று மருந்து கலந்த கிரீமை முகத்தில் பூசாதீர்கள். நாலு நாள் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும். அதைச் சரிசெய்வது எனக்குத் தனி வேலை. அப்புறம், இது ஒட்டுவாரொட்டி இல்லை. வீட்டில் தட்டையும் துண்டையும் தனியாக வைத்து மனிதரை நோகடிக்காதீர்கள்.

அரிப்பு உள்ளவர் செடியைப் பிடுங்கவே கூடாது. ஆவேசத்தில் அதைச் செய்துவிட்டு மறுநாள் கண் திறக்க முடியாமல் வந்தவர்கள் உண்டு. மற்றவர்கள் பிடுங்கலாம், பூப்பதற்கு முன்னால், மழை விட்டு மண் இளகியிருக்கும்போது, வேரோடு. கையுறை இல்லையென்றால் பாலித்தீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், முடித்ததும் குளியுங்கள். பூத்துக் காய்ந்த செடியில் புல்வெட்டும் மெஷினை விடாதீர்கள். தூள் தெரு முழுக்கப் பறக்கும், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். கொளுத்தவும் வேண்டாம். துணியை மனைப் பக்கத்து மாடியில் காயப்போடாதீர்கள். சாமந்தியும் இந்தக் குடும்பம்தான், சிலருக்கு அதுவும் சேராது, சாமிக்கு மல்லியோ அரளியோ போதும். வெறுங்கையால் வாய்க்கால் ஓரம் சுத்தம் செய்யும் பெண்களைப் பார்த்தால், தயவுசெய்து ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுங்கள்.

மனைக்குச் சொந்தக்காரர் வெளியூர், கையை விரித்துவிட்டார். தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து ஆள் வைத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். நம்மவரைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கச் சொல்லியிருந்தேன், இருந்தார். போன வாரம் வந்தபோது நெற்றி தணிந்திருந்தது, கழுத்தில் தழும்பு மட்டும். சீட்டை எழுதிக் கொடுத்த பிறகும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

"வஞ்சிரம் சரி டாக்டர். நண்டு?"