மூணு மீட்டர் பனியை விட அரை மீட்டர் பனிதான் பயம்

2016 பிப்ரவரியில சியாச்சின் பனிச்சரிவுல மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரை இழந்தோம், அதுல நம்ம பக்கத்து கிருஷ்ணகிரிக்காரர் ஒருத்தரும் இருந்தார், அப்ப இருந்தே பனி எப்படி சரியுதுன்னு தேடித்தேடி படிச்சுட்டு இருக்கேன். நமக்கு ஏற்காட்டுல பனின்னா காலைல மூடிக்கிற மூடுபனிதான். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல்ல நம்ம மலைப்பாதைல மண்ணு சரிஞ்சது தண்ணி ஊறினதால, அங்க கதையே வேற.

பனி நிறைய கொட்டுனாத்தான் சரியும்னு நினைப்போம். அது பாதிதான் உண்மை. ஒவ்வொரு தடவை கொட்டுறதும் ஒரு அடுக்கா உட்காரும், காத்து ஒரு பக்கத்துல இருந்து வாரி மறுபக்கத்துல குவிச்சிடும், அதனால ஒரே சரிவுல பாறை மேட்டு மேல அரை மீட்டரும் பள்ளத்துல மூணு மீட்டரும் கிடக்கும்.

இப்ப கவனிங்க, பனிக்கு அடில தரை கிட்டத்தட்ட 0 டிகிரிலயே இருக்கும், மேல காத்து மைனஸ் 15னு வச்சுக்குவோம். மூணு மீட்டர்ல அந்த வித்தியாசம் மெதுவா பரவிடும், பனி மணிகள் உருண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அரை மீட்டர்ல அதே 15 டிகிரி நெருக்கிட்டு நிக்கும். மீட்டருக்கு சுமார் 10 டிகிரியைத் தாண்டினாலே அடில இருந்து நீராவி கிளம்பி மேல உள்ள மணிகள்ல உறைஞ்சு, முனை முனையா சர்க்கரை மாதிரி ஆயிடும், கைல அள்ளினா பந்தா பிடிக்கவே வராது. சேகோ மில் களத்துல காயப்போட்ட ஜவ்வரிசி மேல கால் வச்சு வழுக்கி இருக்கீங்களா, அந்த மாதிரி. அந்த ஜவ்வரிசியை சாய்வான தரைல பரப்பி மேல ஒரு பெரிய பலகையைப் போட்டா எப்படி இருக்குமோ, அதுதான் பனிப்பலகை, அதாவது சர்க்கரை அடுக்குக்கு மேல ஒண்ணா ஒட்டி நிக்கிற பனி, இருக்கிற நிலைமை.

கனமான இடத்துல ஆள் நடந்தா அவர் பாரம் அடி வரைக்கும் எட்டாது. மெல்லிசான இடத்துல நேரா அந்த சர்க்கரை அடுக்குல போய் விழும், 'வும்ப்'னு அமுங்குற சத்தம் கேக்கும், விரிசல் அடியோடவே ஓடி பக்கத்துல கனமா கிடக்கிறதையும் அவுத்து விட்டுடும். சரிவு 30ல இருந்து 45 டிகிரிக்குள்ள இருந்தா மொத்தமும் கிளம்பிடும்.

அதனாலதான் அங்க போறவங்க ஒரே ஒரு குழி தோண்டிப் பாத்துட்டு தைரியமா இறங்கறதில்ல, பத்தடி தள்ளி அடுக்கு வேற மாதிரி இருக்கலாம்.