நாக்காவில் நின்றவர் எந்தக் கணக்கில்?

2025 மே மாதம். தாராவி தொண்ணூறு அடி சாலையில், இட்லி விற்று முடித்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன் கைப்பேசியை நீட்டினார். 'வேலையின்மை 5.1 சதவீதம்' என்றது தலைப்பு. "போன வருஷம் 3.2-னு போட்டாங்களே தம்பி, அதுக்குள்ள இவ்வளவு ஏறிடுச்சா?"

அப்படிச் சொல்ல முடியாது. இரண்டுமே அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வந்த எண்கள்தான். ஆனால் அளவுகோல் வேறு.

2023-24க்கான 3.2, கடந்த 365 நாளைக் கேட்டு எடுத்தது. ஆண்டில் பெரும்பகுதி வேலை தேடியே கழித்திருந்தாலும், இடையில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், வேலையில் இருப்பவர்தான். 2025 ஏப்ரல் மாதத்துக்கான 5.1, கடந்த 7 நாளை மட்டும் கேட்டது. அதில் ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே வேலையில் இருப்பவர்.

ஒரு மணி நேரமே போதும் என்றால் வேலையின்மை குறைவாகத்தானே வர வேண்டும்? ஒரு கொத்தனாரைப் பாருங்கள். காலையில் நாக்காவில், அதாவது கூலி வேலைக்கு ஆள் எடுக்கும் தெருமுனையில், போய் நிற்கிறார். ஒரு வாரம் முழுக்க யாரும் கூப்பிடவில்லை. வார அளவுகோலில் அவருக்கு வேலையில்லை. ஆண்டு அளவுகோலிலோ பல மாதம் வேலை பார்த்தவர். ஒரே ஆள், இரண்டு பதில். அதனால்தான் வார எண் பெரிதாக வருகிறது.

அடுத்தது, வகுக்கும் எண். மொத்த மக்களால் வகுப்பதில்லை. வேலை செய்வோரும், வேலை தேடுவோரும், தேடாவிட்டாலும் கிடைத்தால் செய்யத் தயாராக இருப்போரும் மட்டுமே கணக்கு. 95 பேர் வேலையில், 5 பேர் தேடுகிறார்கள் என்றால் 5 சதவீதம். அந்த ஐவரில் இருவர் அலுத்துப்போய் வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டால் 98-இல் 3, அதாவது சுமார் 3.1 சதவீதம். யாருக்கும் வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் 'வேலையின்மை சரிந்தது' என்று தலைப்பு வரும். எந்த அளவுகோல், எத்தனை சதவீதத்தினர் கணக்கிலேயே இல்லை என்று தலைப்புக்குக் கீழே ஒரு வரி போட்டால் என்ன? இந்த விவரமெல்லாம் அரசு வெளியீடுகளிலேயே இருக்கிறது.

விடியுமுன் எழுந்து மாவரைத்து இட்லி அவிக்கும் அண்ணியும் வேலையில் இருப்பவர்தான். குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுவோரையும் அப்படித்தான் சேர்க்கிறார்கள்.

"அப்போ எம்மவன்?" என்றார் அண்ணன். ஐடிஐ முடித்து இரண்டு வருஷம் அலைந்தவன், இப்போது வேலையே வேண்டாம் என்று எங்கும் போவதில்லை.

அதற்கு இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும். அதே ஏப்ரலில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலை செய்தோரும், தேடியோரும், செய்யத் தயாராக இருந்தோரும் சேர்ந்து 55.6 சதவீதம். மீதி 44 சதவீதத்தில் மாணவர்கள், முதியவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், அப்புறம் அவர் மகன்.