லினக்ஸில் காசு கொடுத்து வாங்கும் இசை மென்பொருள்: வைன் வழியாக வரும் ஆபத்து

காட்பாடியில் சின்ன ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறேன். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அடுத்து ஆடி என்று அம்மன் பாட்டு வேலை வரிசையாக வரும். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து, இந்த வேலையில் இருக்கும் தம்பிகள் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணா, என் பழைய கம்ப்யூட்டர்ல 11 ஏறமாட்டேங்குது. லினக்ஸ் போட்டா என் சாஃப்ட்வேர் ஓடுமா?"

எந்த மென்பொருள் என்பதைப் பொறுத்தது. ரீப்பர், பிட்விக் ஸ்டுடியோ, ரெனாய்ஸ், பியானோடெக் எல்லாமே மூலநிரல் திறக்காத, விலை வைத்த மென்பொருள்கள்தான். ஆனாலும் லினக்ஸுக்கென்றே பதிப்பு தருகிறார்கள். கியூபேஸ், எஃப்.எல். ஸ்டுடியோ, ஏபில்டன் லைவ், கான்டாக்ட் ஆகியவற்றுக்கு அப்படி இல்லை. ஐலாக் என்ற உரிமச் சரிபார்ப்பு முறையைக் கேட்கும் பிளகின்களை (இசை மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் துணை நிரல்களை) முதலிலேயே மறந்துவிடுங்கள். ஐலாக் லினக்ஸை ஆதரிப்பதில்லை.

விண்டோஸ் பிளகின் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டவைக்கும் வைன் இருக்கிறது. அதோடு யாபிரிட்ஜ் என்ற இணைப்பு நிரலும் சேர்ந்தால், வைனில் நிறுவிய வி.எஸ்.டி. வகைப் பிளகினை லினக்ஸ் ரீப்பருக்குள்ளேயே திறக்கலாம். நிறைய பிளகின்கள் நன்றாகவே ஓடும். ஆனால் வைனைப் புதுப்பிக்கும்போது கவனம் வேண்டும். வைன் 9.22 வந்தபோது யாபிரிட்ஜ் 5.1.1-இல் மவுஸ் குறி தப்பியது: நீங்கள் ஒரு குமிழைச் சொடுக்கினால், பிளகின் வேறு இடத்தைச் சொடுக்கியதாக எடுத்துக்கொள்ளும். 9.21-இலேயே நிறுத்திவைப்பதுதான் வழியாக இருந்தது. அதனால் வேலை நடக்கும் கணினியில் வைன் பதிப்பைப் பூட்டிவையுங்கள். பாட்டு பாதியில் இருக்கும்போது எதையும் புதுப்பிக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. "லினக்ஸ்ல வைரஸ் வராதுண்ணா" என்று சொல்லிக்கொண்டே, பென்டிரைவில் வாங்கிவந்த கிராக் (உரிமப் பூட்டை உடைத்த) பிளகினை வைனில் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வைன் ஒரு பாதுகாப்புச் சுவர் அல்ல. வழக்கமான அமைப்பில் உங்கள் கணினியின் கோப்புகள் முழுவதையும் அது இசட் டிரைவாகக் காட்டுகிறது. உங்களுக்கு என்ன அனுமதி உண்டோ அது அந்த கிராக் நிரலுக்கும் உண்டு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் விண்டோஸ் நிரல் வைனில் ஓடினால், ஹோம் அடைவில் இருக்கும் பதிவுகளை எட்டிவிடும். அங்கே இருப்பது உங்கள் பாட்டு மட்டுமா? ஒரு தெருக்கூத்துக் குழு இரவு முழுக்கப் பாடிக் கொடுத்த முகவீணையும் மிருதங்கமும் இருக்கும். வயதான வாத்தியாரை மறுபடி உட்காரவைத்துப் பாடச் சொல்ல முடியுமா?

கிராக் தேட வேண்டிய அவசியமும் இல்லை. ரீப்பரை 60 நாள் முழுமையாகச் சோதிக்கலாம். ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கு உரிமம் 60 டாலர். நம் ஊர்க் கூடங்களில் பெரும்பாலானவை அதற்குள்தான் வரும்.

அப்புறம் தாமதம். பம்பைக்காரர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அடிக்கும்போது ஒலி பிந்தினால் தாளம் குலைந்துபோகும். பஃபர் என்பது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு; 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் தாமதம் சுமார் 2.7 மில்லிவினாடி. ஒலி கணினிக்குள் போக, வெளியே வர என்று சேர்த்தால் இன்னும் கூடும், ஆனாலும் வாசிக்கத் தடையாக இருக்காது. பதிவு செய்யும் நேரத்தில் மட்டும் பஃபரைக் குறைத்து, வைன் பிளகின்களை அணைத்துவிடுங்கள். மிக்ஸிங்கில் 1024 வைத்தாலும் பரவாயில்லை.

வைன் வழியாக வந்த எந்த ஒலியையும் அன்றைக்கே 24 பிட் வேவ் கோப்பாக மாற்றிவிடுகிறேன். எல்லா டிராக்கும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கும்படி எடுத்தால், நாளைக்கு ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளிலோ வேறு எதிலோ இழுத்துப் போட்டாலும் சரியாக உட்காரும். கூடவே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் டெம்போ, சுருதி, பிளகின் பெயர், அதன் பதிப்பு எண். நகல் ஒன்று வெளி ஹார்டு டிஸ்கில் போகும். வைன் ஓடும்போது அந்த டிஸ்கைச் செருகிவைப்பதில்லை.